ஒரே பேரில் இரண்டு செடி

சிவப்பு மாடு விடிந்ததிலிருந்து சுவரை முட்டிக்கொண்டு நின்றது. கோபத்தில் முட்டுகிற முட்டாக இருந்தால் பால்காரர் கவலைப்பட்டிருக்க மாட்டார். நெற்றியைச் செங்கல்லில் வைத்து அழுத்தி, யாரோ பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி அப்படியே நின்றது. கழுத்தைத் தடவினாலும் திரும்பவில்லை. தவிட்டுத் தண்ணீரை மூக்குக்கு நேரே பிடித்தும் நாக்கை நீட்டவில்லை.

பால்காரர் வாளியை வைத்துவிட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். இதற்கு முன் செத்த இரண்டு மாடுகளும் இப்படித்தான் ஆரம்பித்தன. முதலில் மெலிவு, பிறகு பால் வற்றல், பிறகு இந்தச் சுவர்.

"எந்திரிங்க. டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டாச்சு. வந்துட்டிருக்காங்க," என்றாள் அவர் மனைவி.

"வந்து என்ன பண்ணப்போறாங்க? போன ரெண்டுக்கும்தான் வந்தாங்க. அவங்க ஊசி போட்டாங்க, நாம குழி வெட்டினோம்."

"வாயைக் கழுவுங்க முதல்ல."

அவள் சொல்லிவிட்டாளே தவிர, மாட்டின் கண்ணைப் பார்க்காமல் சாணியை அள்ளத் தொடங்கினாள்.

மாட்டு டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது சிவப்பு மாடு படுத்துவிட்டது. மதியத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, "இந்தத் தடவை அறுத்துப் பார்த்துடலாம். மனசைக் கல்லாக்கிக்குங்க," என்றார். கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து அறுத்தார்கள். பால்காரரின் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பால்காரர் மட்டும் நின்று பார்த்தார். டாக்டரம்மா ஈரலை எடுத்துக் காட்டினார். சுருங்கி, சாம்பல் படிந்த மாதிரி இருந்தது. கத்தி அதில் இறங்க மறுத்தது.

"இது நேத்து இன்னைக்கு வந்த நோய் இல்லைங்க. மாசக்கணக்கா எதையோ தின்னிருக்கு. என்ன தீவனம் போடறீங்க?"

"கண்டதையும் போடறவன் நான் இல்லைங்க. வைக்கோல், தவிடு. பச்சைக்கு நம்ம வயல்ல விதைச்சதுதான்."

வயல் கொட்டகையை ஒட்டியே இருந்தது. இடுப்பளவு செடி, நுனியெல்லாம் மஞ்சள் பூ. டாக்டரம்மா ஒரு கிளையை ஒடித்து ஆட்டினார். முற்றிய காய்களுக்குள் விதை குலுங்கியது.

"கிலுகிலுப்பை."

"ஆமாங்க, தீவனக் கிலுகிலுப்பை. மூட்டை மேலயே பெரிய பேர் அச்சடிச்சிருக்கு. தீவனப் பட்டியல்லயும் அந்தப் பேர் இருக்குன்னு விதைக்கடையில காட்டினாங்க."

"கிலுகிலுப்பையில விஷம் உள்ளதும் இருக்கு, இல்லாததும் இருக்கு. இது எந்தக் கணக்குன்னு..." டாக்டரம்மா பாதியில் நிறுத்தி, வீட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு உங்க வீட்டுலயே ஆள் இருக்காங்களே."

மாடியில் இருந்தது பால்காரரின் மனைவியுடைய அக்கா, இரண்டு பெண்களில் பெரியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை சின்னவளின் குடும்பம் கீழே, அவள் மேலே, சாப்பாடு ஒரே அடுப்பில். டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று கேள்விப்பட்டுத் தெருவில் முன்பெல்லாம் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கதவைத் தட்டுவார்கள். பால்காரர்தான் வாசலிலேயே மறித்து, "இவங்க மனுஷ டாக்டரும் இல்ல, மாட்டு டாக்டரும் இல்ல. கிலுகிலுப்பை டாக்டர்," என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

அவள் வேலை செய்த இடத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரார் இலைக் கிடங்கு என்றுதான் சொல்வார்கள். உலகத்தின் பல மூலைகளில் பறித்த செடிகளைச் செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, கூரைவரை உயர்ந்த இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருந்தார்கள். பூச்சி மருந்தின் வாடை சேலையில் ஏறி வீடுவரை வரும். கிலுகிலுப்பைக்கு மட்டும் ஒரு வரிசை அலமாரி. வெயில் அடிக்கிற இடமெல்லாம் வளர்கிற செடி அது. ஆற்று மணலில், மலைச்சரிவில், ரயில் பாதை ஓரத்தில், இடிந்த சுவரின் மேலே. எழுநூறு வகைக்கு மேல் என்பார்கள். அந்த எழுநூறே சண்டையில் இருக்கும் கணக்கு. ஒரே செடிக்கு மூன்று நாட்டில் மூன்று பேர் மூன்று பெயர் வைத்திருப்பார்கள். பூ இருக்கும் தாளில் காய் இருக்காது, காய் இருக்கும் தாளில் இலை உதிர்ந்திருக்கும். முதன்முதலில் பெயர் வைக்கப்பட்ட செடி எங்கோ ஒரு நாட்டில் தீயில் எரிந்து போயிருக்கும்.

அந்தக் காட்டில்தான் பெரியவள் தன் இளமையைக் கழித்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய புத்தகம் வெளிவந்தது. பல பெயர்களை அதில் அவள் ரத்து செய்திருந்தாள். அவற்றில் ஒன்று மணல் கிலுகிலுப்பை. ஆற்றோரத்தில் தானாக முளைப்பது. யாரும் மாட்டுக்குப் போடாதது. தீவனக் கிலுகிலுப்பையையும் அதையும் வரிசையாக மேசையில் பரப்பிப் பார்த்தபோது குறுகிய இலையிலிருந்து அகன்ற இலைவரை படிப்படியாகப் போனது. எங்கே கத்தி வைத்து இரண்டாக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்று என்று எழுதினாள். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது அந்தத் தொழிலின் விதி. தீவனச் செடியின் பெயர் பழையது, அது நின்றது.

டாக்டரம்மா கொடுத்த கிளையை அன்று மாலையே அவள் கிடங்குக்கு எடுத்துப் போனாள். பூவைச் சூடான தண்ணீரில் போட்டாள். அது மெல்ல விரிந்தது. படகு மாதிரி குவிந்த கீழிதழை ஊசியால் பிரித்து, அதன் முறுக்கிய மூக்கைப் பார்த்தாள். புல்லி, காய், விதையின் வளைவு எல்லாம் தன் புத்தகத்தோடு ஒத்துவந்தன. இந்தச் செடி வேறாக இருந்துவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டே பார்த்தாள். வேறாக இல்லை.

ஒரு வாரம் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தாள்.

"மூட்டையில போட்டிருக்கிற பேர் சரிதான் டாக்டர். தீவனக் கிலுகிலுப்பைதான்."

"அப்படியா? லேப்ல விஷம்னு வந்திருக்கே. கொஞ்ச நஞ்சம் இல்ல. இன்னும் சில வயல்லேர்ந்தும் எடுத்து அனுப்பினேன். சிலது சுத்தமா இருக்கு, சிலது இப்படி. எல்லாம் ஒரே பேர் போட்ட மூட்டைதான்."

பெரியவள் மேசையில் இருந்த மணல் கிலுகிலுப்பைத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"மணல்லேர்ந்து விதை பொறுக்கியிருக்காங்க," என்றாள். "பொறுக்கி இந்தப் பேர்ல வித்திருக்காங்க. அவங்க மேலயும் தப்புச் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் இப்ப ஒரே பேர்."

கிடங்கில் அவளுக்கு எதிர் மேசைக்காரர் ஒருவர் இருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு கண்ணாடி வில்லை தொங்கும். அதனால் பூதக்கண்ணாடி என்றே எல்லோரும் சொல்வார்கள். எதையும் பிரிப்பவர் அவர். ஒரு மயிர் கூடுதலாக இருந்தால் புது இனம் என்பார். சேர்த்து வைப்பவள் இவள். இருவரும் பல வருடமாகத் தேநீர் நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டு, சண்டை முடிந்ததும் ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்துத் தின்பார்கள். மணல் கிலுகிலுப்பையை ரத்து செய்தபோது மட்டும் அவர் பல நாள் அவளோடு பேசவில்லை.

அவரிடம் அவளே போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்தார்.

"தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேம்மா. காய்ல மயிர் இருந்தா மணல், இல்லாட்டி தீவனம்னு. கேட்டீங்களா?"

"ஒரே செடியில கோடையில மயிர் இருக்கு, மழைக்கப்புறம் இல்லைன்னு நான் காட்டினேனே சார்."

"அது உங்க பிடிவாதம். கொண்டாங்க, எல்லாத்தையும் கொண்டாங்க. இப்பவே பிரிச்சுத் தர்றேன்."

டாக்டரம்மா சோதனைக்கு எடுத்த கிளைகளின் மறுபாதியை வாங்கி வந்து மேசையில் பரப்பினார்கள். எதில் விஷம் என்பதை அவரிடம் அவள் சொல்லவில்லை. அவர் வில்லையைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு காயாகப் பார்த்தார். மயிர் உள்ளதை இடப்பக்கம், இல்லாததை வலப்பக்கம். சுறுசுறுப்பாகத்தான் ஆரம்பித்தார். முடித்ததும், "இடப்பக்கம் எல்லாம் விஷம். எழுதிக்குங்க," என்றார்.

பெரியவள் வலப்பக்கத்திலிருந்து ஒரு கிளையை எடுத்து அவர் முன் வைத்தாள். தங்கை வீட்டு வயலில் ஒடித்தது. காய் வழவழவென்று இருந்தது.

"இதைத் தின்ன மாடுதான் சார் செத்தது."

பிறகு இடப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். "இது சுத்தம்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அதைக் கழற்றி அவள் பார்த்ததே இல்லை.

"அப்ப என் பேச்சைக் கேட்டிருந்தாலும் உங்க தங்கை வீட்டு மாடு செத்திருக்கும்," என்றார்.

"ஆமா சார்."

"வேற யாராவது வீட்டு நல்ல தீவனத்தை நான் கொளுத்தச் சொல்லியிருப்பேன்."

அன்றைக்கு அவர்கள் தேநீர் குடிக்கப் போகவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கறவையில் இருந்த கறுப்பு மாட்டின் பாலை யாரும் குடிக்கக் கூடாது, விற்கவும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். சின்னவள் காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து ஒழுங்காகக் கறந்தாள். கறந்து வாளியோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். சின்னவளின் மகள், பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்காத குட்டி, அதே பாலைக் குடித்து வளர்ந்தவள். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

பெரியவள் படியிறங்கி வந்தபோது தங்கை வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் என்ன சொல்லுதாம்?"

"இப்போதைக்கு ஒண்ணுமில்லையாம். இப்போதைக்காம். கொஞ்ச மாசம் கழிச்சுத் திரும்ப எடுக்கணுமாம்." சின்னவள் நிமிரவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கறேன். அந்த மூட்டையில இருக்கிற பேர் நீ வச்சதா?"

"நான் வைக்கல. பழைய பேர். ஆனா மணல்ல மொளைக்கிறதும் அதுவும் ஒண்ணுன்னு எழுதினது நான்தான்."

"உனக்கு நிச்சயமா தெரியுமா ஒண்ணுன்னு?"

"தாள்ல பார்த்தா நடுவுல கோடு இல்லடி. எத்தனையோ தாள். ஒண்ணுலேர்ந்து ஒண்ணு வழுக்கிக்கிட்டே போகுது."

"கோடு தெரியலைன்னா தெரியலைன்னு எழுதியிருக்கலாம்ல?"

"அந்தப் புத்தகத்துல அப்படி எழுத இடம் கிடையாது. இதுவா, அதுவா. இதுன்னா இந்தப் பக்கம் போ, அதுன்னா அந்தப் பக்கம் போ. கடைசியில ஒரு பேர் வந்தாகணும்."

சின்னவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"பேர் இல்லாத செடின்னா இவர் சத்தியமா வாங்கியிருக்க மாட்டார். வயல் ஓரத்துல மொளைக்கிற எதையும் மாட்டு வாய்ல வைக்க விடமாட்டார், உனக்கே தெரியும். பேர் இருந்துச்சேக்கா. அதை நம்பித்தான போட்டோம். அதைத் தின்ன மாட்டுப் பாலைத்தான நான் இவளுக்கு ஊத்தி ஊத்திக் கொடுத்தேன்."

பெரியவள் தங்கையின் தோளைத் தொடப் போனாள். அவள் நகர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து மாடிக்குச் சாப்பாடு போனது, தட்டில் மூடி போட்டு. கூடப் பேச்சு போகவில்லை.

பெரியவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். இத்தனை வருடம் அவள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் செத்த செடிகள். காய்ந்து, நிறம் போய், தட்டையாகிவிட்டவை. இப்போது வரப்பில் குந்தி உட்கார்ந்து உயிருள்ள செடியைப் பார்த்தாள். வெயில் ஏற ஏறச் சில செடிகள் இலையை மடக்கின, சில மடக்கவில்லை. சில அடியிலேயே கிளைவிட்டுப் படர்ந்தன, சில நெட்டாக நின்றன. இதுதான் கோடு என்று மனதுக்குள் ஒரு கூச்சல் எழும். அடுத்த வரிசையில் இலையை மடக்கிக்கொண்டு நெட்டாக நிற்கும் செடி ஒன்று வந்து அதைக் கலைத்துவிடும். இரண்டு வகையும் ஒரே வயலில் பூத்து, வண்டு இரண்டிலும் போய் உட்கார்ந்து, கலந்திருக்கலாம். மூன்றாவதாக ஒன்றுகூட இருக்கலாம். பாதம் வெடித்து, முகம் கறுத்துப்போய் மாலையில் மேலே ஏறுவாள்.

வேளாண் அதிகாரி ஒரு காலையில் வந்தார். அதே விதையைப் போட்டிருந்த மற்ற மாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். டாக்டரம்மா, வில்லையோடு பூதக்கண்ணாடி, எல்லோரும் வரப்பில் நின்றார்கள்.

"மேடம், எனக்கு ஒரே வரியில வேணும்," என்றார் அதிகாரி. "எப்படி இருந்தா அழிக்கணும், எப்படி இருந்தா விடலாம்? ஆளுங்களுக்கு நான் அதைத்தான் சொல்லணும்."

"அப்படி ஒரு வரி என்கிட்ட இல்ல," என்றாள் பெரியவள். "பார்த்துச் சொல்ல முடியல. ரெண்டும் ஒண்ணுன்னு நான் எழுதினது தப்பு. எப்படிப் பிரிக்கிறதுன்னும் இப்ப தெரியாது. இந்தப் பேர்ல வந்த எதையும் மாட்டுக்குப் போடாதீங்க. எல்லாத்தையும் புடுங்குங்க."

சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவர், "இந்தம்மா படிச்சுக் கிழிச்ச லட்சணத்துக்கு நம்ம தீவனத்தை அழிக்கணுமா?" என்றார்.

"யோவ்," என்றார் பால்காரர். அதுவரை அவர் ஓரமாகத்தான் நின்றிருந்தார். "செத்தது என் மாடு. திட்டறதுன்னா நான் திட்டணும். எங்க அண்ணியப் பத்தி மரியாதையாப் பேசு."

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார். பெரியவள் பால்காரரைப் பார்க்கவில்லை. பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. செடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூட்டம் கலைந்தபிறகு அவர் அருகில் வந்தார்.

"அண்ணி, இதுலயே பாதி நல்ல செடியா இருக்கலாம்ல?"

"இருக்கலாம் தம்பி."

"அப்பவும் புடுங்கணும்."

"புடுங்கணும்."

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முதல் செடியைப் பிடித்து இழுத்தார். ஆணிவேர், லேசில் வரவில்லை. பெரியவளும் குனிந்தாள். பூதக்கண்ணாடி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் போகவில்லை. பிடுங்கும்போதெல்லாம் காய் குலுங்கும் சத்தம் வயல் முழுக்கக் கேட்டது. பூவும் காயுமாக நல்ல கிளைகளைப் பெரியவள் ஒதுக்கி வைத்தாள். மற்றதைக் குவித்து எரித்தார்கள். சின்னவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து பார்த்துவிட்டு, புகை திரும்பியதும் உள்ளே போனாள்.

வந்திருந்த மற்றவர்களில் பாதிப் பேர் பிடுங்கினார்கள். சிலர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் இன்னொரு மாடு சுவரை முட்டிய பிறகுதான் மிச்சப் பேர் வயலில் இறங்கினார்கள்.

கிடங்கின் தலைவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "நாலு மாடு செத்துடுச்சுன்னு புத்தகத்தை வாபஸ் வாங்குவாங்களா? உலகம் பூரா அந்தப் பெயரைப் போட்டு அச்சாகிடுச்சும்மா," என்றார். பெரியவள் வாபஸ் வாங்கினாள். சேர்த்தது தவறு, பிரிக்கும் வழி இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று செடி ஆராய்ச்சியாளர்களின் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். வெளிநாட்டிலிருந்து சிலர் கேலி செய்தார்கள். சிலர் தங்கள் பக்கத்து மாடுகளைப் பற்றி விசாரித்தார்கள். கிடங்கின் கொல்லைப்புறத்தில் அவளும் பூதக்கண்ணாடியும் தொட்டிகள் வைத்து, மணலில் பொறுக்கிய விதையையும் மூட்டை விதையையும் தனித்தனியாக முளைக்க விட்டார்கள். சண்டை மறுபடி ஆரம்பித்தது. ஆனால் இப்போது இருவரும் எதையாவது சொல்லிவிட்டு, "லேப்ல பார்த்துடலாம்," என்று முடித்தார்கள்.

கறுப்பு மாடு மெலிந்து போயிருந்தது. வைக்கோலும் வெளியிலிருந்து வாங்கிய புல்லும்தான். தலையைச் சுவரில் வைக்கிறதா என்று பால்காரர் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். வைக்கவில்லை. மெல்ல விலா எலும்பு உள்ளே போனது, தோலில் மினுமினுப்பு வந்தது. குழந்தையின் ரத்தத்தை மறுபடி எடுத்தார்கள், சரியாக இருந்தது. டாக்டரம்மா பாலை எடுத்துப் போய்ச் சோதித்தார், கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை. மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் அவரே நனைந்துகொண்டு வந்து, "பால் சுத்தமா இருக்கு. குடிக்கலாம்," என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். பால்காரர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். சின்னவள் செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கறந்துகொண்டு வந்து, காய்ச்சினாள். பொங்கி வந்ததும் இறக்கினாள். பால் வாசனை வீட்டுக்குள் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. குழந்தை அடுப்படி வாசலில் வந்து நின்று, "எனக்கு, எனக்கு," என்றது.

"இருடி," என்றாள் சின்னவள்.

ஒரு டம்ளரில் ஊற்றி, ஆற்றி, அதைக் கொண்டுவந்து பெரியவள் முன்னால் வைத்தாள். முகத்தை நேராகப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பார்த்த பார்வை.

"நீ முதல்ல குடி."

பால்காரர், "ஏய், என்ன இது..." என்று எழுந்தார்.

"நீங்க சும்மா இருங்க."

பெரியவள் டம்ளரை எடுத்தாள். சூடு விரலைச் சுட்டது. நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். காலி டம்ளரைத் தங்கைக்குத் தெரியும்படி சாய்த்துக் காட்டிவிட்டுக் கீழே வைத்தாள்.

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதே டம்ளரை எடுத்தாள், கழுவாமல், மறுபடி பாலை ஊற்றினாள். ஊதி ஊதி ஆற்றி, குழந்தையைக் கூப்பிட்டாள்.